ஓடும் வண்டி, தேங்கும் நீர்

பெங்களூர் ஒக்கலிபுரத்தில் வீடுகளும் ரயில் பெட்டிகளும் ஒரே ஊரின் தண்ணீரைப் பிடித்துக்கொள்கின்றன. நிரப்புவதில் இருக்கும் பரபரப்பு காலி செய்வதில் இல்லை.

பெங்களூர் சிட்டி ரயில் நிலையத்தின் வடக்குக் கோடியில் பத்து நடைமேடைகளின் தண்டவாளங்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிறகு இரண்டு கற்றைகளாகப் பிரிகின்றன. ஒன்று வலப்பக்கம் வளைந்து கன்டோன்மென்ட் வழியே சென்னைக்குப் போகிறது. இன்னொன்று யஷ்வந்த்பூர், தும்கூர் பக்கம் போகிறது. இந்தக் கவட்டையை ஒட்டிக் கிடக்கும் பேட்டைதான் ஒக்கலிபுரம். இரண்டு ரயில் பாதைகளுக்கும் அடியில் நுழைந்து செல்லும் எட்டு வழிச் சாலை பல ஆண்டுகள் இழுபறியாகக் கிடந்ததால், பெங்களூர்ப் பத்திரிகை வாசகர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகப் பழக்கம். மற்றவர்கள் இதை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருப்பார்கள். வண்டி சிக்னலுக்காகத் தயங்கி நிற்கும்போது, கைக்கெட்டும் தூரத்தில் மொட்டை மாடிகளும், கொடியில் காயும் துணிகளும், கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டிகளும் தெரியுமே, அந்த இடம்.

1884இல் தொடங்கிய பின்னி மில்லும், அதன் பிறகு வந்த மினர்வா மில் போன்றவையும், ரயில்வேயும் ஆள் தேடிய காலத்தில் வட தமிழக மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இங்கும் பக்கத்து ஸ்ரீராமபுரத்திலும் குடியேறினார்கள். மில்கள் போய்விட்டன. சந்துகளில் தமிழ் இன்னும் இருக்கிறது, கன்னடமும் தெலுங்கும் தாராளமாகக் கலந்து. குழாய்க்கு இங்கே 'நல்லி' என்று பெயர். அது கன்னடம் என்பது பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு மறந்தே போய்விட்டது.

இந்த ஊரில் நல்லி தினமும் திறப்பதில்லை. பெங்களூரின் பல பகுதிகளைப் போல ஒன்றுவிட்டு ஒரு நாள், சில மணி நேரம்தான். குடிநீர் வாரியத்தின் வால்வ்மேன் தெருமுனை இரும்பு மூடியைத் திறந்து நீண்ட சாவியைத் திருப்பினால், "அக்கா, நல்லி வந்துருச்சு" என்ற குரல் அவரை முந்திக்கொண்டு சந்துக்குள் ஓடும். வசதி உள்ள வீட்டில் தரைக்கடியில் சம்ப் இருக்கும். அதில் விழும் தண்ணீரை மோட்டார் மாடித் தொட்டிக்கு ஏற்றும். ஒண்டுக்குடித்தனங்களில் நீல நிற பிளாஸ்டிக் டிரம், பிளாஸ்டிக் குடம், பழைய பெயின்ட் வாளி என்று வாய் அகன்ற எதுவும் தொட்டிதான்.

சந்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ரயில் நிலையத்திலும் அதே வேலை நடக்கிறது. அங்கே நிரம்புவது வண்டிகள்.

ரயிலில் ஏறும் யாரும் தண்ணீரைப் பற்றி நினைப்பதில்லை. கழிவறையில் குழாயைத் திருகும்போதுதான் நினைக்கிறார்கள், அதுவும் காற்று மட்டும் வந்தால். சாதாரண விரைவு வண்டிப் பெட்டி ஒன்று சுமார் 1,800 லிட்டர் தண்ணீரைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை பல பத்தாண்டுகள் செய்துவந்த பழைய வகைப் பெட்டிகளில் இந்தத் தொட்டிகள் கழிவறைகளுக்கு மேலே, கூரைக்கடியில் இருந்தன. தண்ணீர் தானாகவே கீழே இறங்கும். 2018 ஜனவரியோடு அந்த வகைப் பெட்டிகளின் உற்பத்தி நின்றது. இப்போது வருகிற எல்.எச்.பி. பெட்டிகளில் தொட்டிகள் வண்டிக்கு அடியில், சக்கரங்களுக்கு நடுவில் தொங்குகின்றன. அங்கிருந்து பம்ப் தண்ணீரை மேலே ஏற்றி, சின்ன இடைத்தொட்டி வழியாகக் குழாய்களுக்கு அனுப்புகிறது. ஒக்கலிபுரத்து வீட்டின் சம்ப், மோட்டார், மாடித் தொட்டி ஏற்பாட்டை அப்படியே சுருக்கிச் சக்கரத்தில் ஏற்றியது போல.

கணக்கு எளிது. எல்.எச்.பி. ஸ்லீப்பர் பெட்டியில் 80 பேர். ஆளுக்கு 22 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். முகம் கழுவ, பல் தேய்க்க, கழிவறைக்கு, குழந்தையின் பால் புட்டியை அலச, எல்லாம் இதற்குள். இந்திய நகரவாசிக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவுகோல். இங்கிருந்து டெல்லிக்குப் போகும் கர்நாடகா எக்ஸ்பிரஸ் சுமார் 2,400 கிலோமீட்டரை ஒன்றரை நாளுக்கு மேல் ஓடிக் கடக்கிறது. ஒரே நிரப்பலில் அது போய்ச் சேராது. வழியில் நீர் நிரப்பும் நிலையங்கள் வந்தாக வேண்டும்.

நிரப்பும் காட்சி பழக்கப்பட்டதுதான். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே படுத்திருக்கும் குழாய், அதில் பெட்டிக்கு ஒன்றாகக் கிளம்பும் வால்வுகள், ரப்பர் ஹோஸ்கள். வண்டி நின்றதும் ஊழியர்கள் தண்டவாளத்துக்குள் இறங்கி, ஹோஸின் வாயைப் பெட்டியின் நிரப்புக் குழாயில் செருகி, வால்வைத் திறந்துவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடுவார்கள். தொட்டி நிறைந்ததற்கு அடையாளம், வழிவு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவது. அது கொட்டுவதற்கு முன் சிக்னல் விழுந்துவிட்டால், கடைசிப் பெட்டிக்காரர்கள் அடுத்த பெரிய ஸ்டேஷன் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ரயில்வேயின் கவலை முழுவதும் வேகத்தில் இருந்தது. பழைய முறையில் 24 பெட்டி வண்டிக்கு இருபது நிமிடம் பிடித்தது. அதிக அழுத்தப் பம்புகளைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் நிரப்பும் ஏற்பாட்டை 142 நிலையங்களில் சுமார் 300 கோடி ரூபாயில் அமைக்கப்போவதாக 2018இல் அறிவிப்பு வந்தது. தண்ணீர்ப் பஞ்சம் தீரவில்லை. நீண்ட தூர வண்டிகளின் சுத்தம் பற்றி 2025இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, கழிவறையிலும் கைகழுவும் தொட்டியிலும் தண்ணீர் இல்லை என்று 2022-23 ஆண்டில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமான புகார்கள் வந்ததைச் சொல்கிறது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு உரிய நேரத்தில் தீர்க்கப்படவில்லை.

தண்ணீர் இல்லை என்றால் பயணி புகார் செய்வார். தண்ணீர் பழையது என்று யார் புகார் செய்யப்போகிறார்கள்?

பயணத்தை முடித்துக்கொண்டு வரும் வண்டி பராமரிப்புக்காகப் பிட் லைனுக்குப் போகும். தண்டவாளத்துக்கு நடுவே ஆள் நிற்கும் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியிருக்கும் இடம் அது. பிரேக், சக்கரம், மின்சாரம், பயோ டாய்லெட் எல்லாம் அங்கே பார்க்கப்படும். உள்ளும் புறமும் கழுவுவார்கள். பிறகு தண்ணீர் நிரப்புவார்கள். கவனிக்க வேண்டிய சொல் 'நிரப்புவார்கள்' என்பதுதான். தொட்டியில் ஏற்கெனவே மிச்சமிருப்பதன் மேலேதான் புதுத் தண்ணீர் ஏறுகிறது. தொட்டியை அடியோடு வடித்துத் தேய்த்துக் கழுவ, பெட்டி நீண்ட இடைவெளிக்கு ஒருமுறை மைசூர் போன்ற இடங்களில் உள்ள பணிமனைகளுக்குப் போகும் பெரிய பராமரிப்புதான் தோதான சமயம். அன்றாட அவசரத்தில் அதற்கு நேரமும் இல்லை, கொட்டுவதற்கு மனசும் இல்லை.

மேலே மேலே நிரப்பினால் என்ன ஆகும்? ஒரு தொட்டியில் தினமும் பாதி செலவாகி, பாதி நிரப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் தண்ணீர் இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் கால், நான்காம் நாள் அரைக்கால். ஏழு முறை நிரப்பிய பிறகும் 1,800 லிட்டரில் சுமார் 14 லிட்டர் அந்த முதல் நாள் தண்ணீராகவே இருக்கும். இது தண்ணீரின் கணக்கு. வண்டலின் கணக்கு வேறு. குழாய் வழியாக வரும் துரு, மண், சுண்ணாம்பு எல்லாம் அடியில் படிகின்றன. வெளியேறும் குழாய் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால் அவை வெளியே போவதே இல்லை. நிரப்ப நிரப்பக் கூடுகின்றன. அந்த வண்டலிலும் தொட்டிச் சுவரிலும் வழவழப்பான ஒரு பாசிப்படலம் பிடிக்கிறது. நுண்ணுயிர்கள் குடியிருப்பது அதில்தான். குடிநீரில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வெயிலில் காயும் தொட்டியில் நேரம் ஆக ஆக அந்தக் குளோரின் கரைந்துபோகிறது. படலம் மிச்சத்தையும் தின்றுவிடுகிறது.

பெட்டித் தண்ணீர் குடிப்பதற்கல்ல என்று ரயில்வே சொல்லும். உண்மைதான். ஆனால் பல் தேய்ப்பவர் வாய் கொப்பளிக்கிறார். பால் புட்டி கழுவப்படுகிறது. முன்பதிவில்லாப் பெட்டியில், பாட்டில் தண்ணீருக்குக் காசு எண்ணிப் பார்ப்பவர் என்ன செய்வார் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், காலி செய்து நிரப்புவதன் அருமை ரயில்வேக்கு நூறாண்டுக்கு முன்பே தெரியும். நீராவி எஞ்சின்களின் காலத்தில் கொதிகலனை ஆற வைத்து, தண்ணீரை முழுவதும் வடித்து, உள்ளே படிந்த சுண்ணாம்பு உப்பைப் பீய்ச்சியடித்துக் கழுவி, மறுபடி நிரப்புவது கட்டாயம். தேதி தவறாமல் நடக்கும். தவறினால் குழாய்கள் அடைத்துக்கொள்ளும், கொதிகலன் கெடும், உயிருக்கே ஆபத்தாகலாம். எஞ்சினின் வயிற்றுக்குக் காட்டிய அக்கறை பயணியின் வயிற்றுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், அலட்சியம் என்பதைவிட, பயணி வெடிப்பதில்லை என்பதுதான்.

வெளிநாடுகளில் இந்த வேலை ஒரு பொழுதுபோக்குச் சடங்கே ஆகிவிட்டது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சமையலறை, படுக்கை, கழிவறையோடு வீட்டையே வண்டியாக ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஏராளம். நம் வாசகர்களுக்குக் கேரவன் என்றால் சினிமா நட்சத்திரம் படப்பிடிப்பு இடைவேளையில் ஓய்வெடுக்கும் வண்டி. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. அந்த வண்டிகளில் நூற்றைம்பது முதல் நானூறு லிட்டர் வரை பிடிக்கும் நல்ல தண்ணீர்த் தொட்டி உண்டு. குளிர்காலத்துக்கு முன் வடிப்பது, வசந்தத்தில் குளோரின் கலந்து நிரப்பிச் சில மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி வடித்து அலசி, புதுத் தண்ணீர் பிடிப்பது உரிமையாளர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடம். விமானங்களுக்கு இது சட்டம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009இல் வெளியிட்ட விதிகளின்படி, விமானத் தொட்டிகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் கிருமி நீக்கி அலசி, தண்ணீரைப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும்.

அங்கெல்லாம் தண்ணீரைத் திறந்துவிட மனம் கூசுவதில்லை. பெங்களூரில் கூசும். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது, ரயில் நிலையத்தின் வாசலிலேயே.

சிட்டி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரில் இருப்பது கெம்பேகவுடா பேருந்து நிலையம், ஊரார் வாயில் மெஜஸ்டிக். அந்தப் பரந்த பள்ளம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. 1537இல் பெங்களூரை நிறுவியதாகச் சொல்லப்படும் கெம்பேகவுடாவின் காலத்து ஏரி என்பது வழக்கு. பேட்டைவாசிகளின் குடிநீர் அதுதான். சுற்றிலும் சாலைகளும் தண்டவாளங்களும் வந்து நீர்வரத்துத் தடைபட்டது. ஏரி வற்றி மைதானமாயிற்று. மைதானத்தில் அரசியல் கூட்டங்கள் நடந்தன, கண்காட்சிகள் நடந்தன, கடைசியில் பேருந்துகள் வந்து நின்றன. காலி செய்யப்பட்டு மீண்டும் நிரப்பப்படாத தொட்டிகளில் பெங்களூரின் மிகப் பெரியவற்றில் ஒன்று இது.

ஏரிகளை இழந்த ஊர் தூரத்துத் தண்ணீரைத் தேடிப் போனது. 1894இல் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டா, 1933இல் திப்பகொண்டனஹள்ளி, 1974இல் காவிரி. காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு, மூன்று கட்டமாகப் பம்ப் செய்யப்பட்டு வருகிறது. வாரியத்தின் செலவில் பெரும்பங்கு மின்சாரக் கட்டணம். 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட ஐந்தாம் கட்டத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரைக் கூடுதலாகக் கொண்டுவருவதற்கானது. அதற்கு ஏழு மாதம் முன்பு, அந்த ஆண்டு மார்ச்சில், ஊர் காய்ந்து கிடந்தது. ஆழ்குழாய்கள் ஆயிரக்கணக்கில் வற்றின. குடிநீரில் கார் கழுவினால், தோட்டத்துக்குப் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம் என்று வாரியம் அறிவித்தது. டேங்கர் லாரிகளுக்கு மாவட்ட நிர்வாகம் விலை கட்டியது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய். இருபது பெட்டி வண்டி ஒன்று குடிக்கும் 36,000 லிட்டர் என்பது மூன்று பெரிய டேங்கர்.

அப்படிப்பட்ட மாதத்தில், ஒக்கலிபுரத்துச் சந்து ஒன்றில் டிரம்மின் அடியில் நாலு விரற்கடைத் தண்ணீர் மிச்சமிருக்கிறது. புதுத் தண்ணீர் வரும் நேரம். அதைக் கொட்டிவிட்டு, டிரம்மைத் தேய்த்துக் கழுவி, பிறகு பிடியுங்கள் என்று எந்த அதிகாரி எந்த அம்மாவிடம் சொல்ல முடியும்? கழுவுவதற்கே ஒரு வாளி போகும். கழுவி முடிப்பதற்குள் நல்லி நின்றுவிடலாம். ஆகவே பழையதன் மேல் புதியது விழுகிறது. வண்டலும் அப்படியே இருக்கிறது. சுத்தம் பற்றிய அறிவு அவர்களுக்கு இல்லை என்று நினைப்பது அநியாயம். துணியை மூன்றாக மடித்து நல்லியின் வாயில் கட்டி வடிகட்டுகிறவர்கள் அவர்கள்தான். ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற முறை, எல்லோரையும் சேமித்து வைக்கச் சொல்கிறது. சேமித்ததைக் கொட்டச் சொல்வது அதற்கு நேர் எதிரான புத்திமதி.

சிட்டி ஸ்டேஷனிலும் இதே மனநிலை பெரிய அளவில் நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் வழி இல்லாமல் இல்லை. ஹோஸ்டல்களும் ஓட்டல்களும் கடைப்பிடிக்கும் முறையை வீட்டிலும் செய்யலாம். தொட்டியைக் கழுவுவதற்கு என்று ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தண்ணீர் தானாகத் தீரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். நல்லி வருவதற்கு முந்தின இரவு தொட்டியைத் துணி துவைக்கவும் தரை கழுவவும் செலவழித்துவிட்டால், கொட்ட வேண்டியது வண்டல் கலந்த ஒரு குடம்தான். அதுவும் செடிக்குப் போகலாம். தேய்த்துக் கழுவிய தொட்டியில் ஆயிரம் லிட்டருக்கு 150 முதல் 200 கிராம் வரை நல்ல பிளீச்சிங் பவுடரைத் தனி வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி நிரப்ப வேண்டும். லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கு இது. வீட்டின் எல்லாக் குழாய்களையும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூட வேண்டும். தொட்டியைப் போலவே குழாயின் உள்பக்கமும் அழுக்கு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு மணி நேரமாவது ஊறட்டும். அந்த நீரைக் குடிக்கக் கூடாது, கழிவறைக்கும் தரைக்கும் பயன்படுத்தலாம். பிறகு ஒருமுறை அலசிவிட்டுப் புதுத் தண்ணீர். கழிவறை ஆசிடைப் பிளீச்சிங் பவுடரோடு சேர்த்துத் தேய்ப்பது மிக ஆபத்து, விஷ வாயு கிளம்பும். மூடிக் கிடந்த ஆழமான சம்ப்பில் ஒருவர் தனியாக இறங்கவே கூடாது. காற்றில்லாத சம்ப்பில் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து இறந்த செய்திகள் நம் ஊர்களில் புதியவை அல்ல.

ரயில் பெட்டிக்கும் இதே தந்திரம் பொருந்தும். தொட்டி ஏறக்குறைய வற்றி வரும் நீண்ட தூர வண்டிகள், பிட் லைனுக்கு வந்தவுடன் மிச்சத்தை வடித்துக் கழுவ ஏற்றவை. வடியும் தண்ணீர் தண்டவாளத்தில் ஓடிப் போகாமல் பிடித்துச் சுத்திகரித்தால், அடுத்த வண்டியின் வெளிப்புறத்தைக் கழுவலாம். தொழில்நுட்பம் ஏதும் புதிதல்ல. அட்டவணையில் ஒரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவே.

செய்ய முடியும் என்பதை ரயில்வே இரண்டு முறை காட்டியிருக்கிறது. 2016 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர் வறட்சியில் தவித்தபோது, மிரஜ்ஜிலிருந்து தண்ணீர் ரயில் போனது. முதல் வண்டியில் பத்து டேங்கர் வேகன்கள், சுமார் ஐந்து லட்சம் லிட்டர். அந்த வேகன்களை நிரப்புவதற்கு முன் ராஜஸ்தானத்தின் கோட்டா பணிமனையில் நீராவி பாய்ச்சிக் கழுவினார்கள். நாடே பார்த்துக்கொண்டிருந்தது, கழுவாமல் முடியாது. இரண்டாவது நமக்குப் பக்கத்தில் நடந்தது. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் சென்னை வில்லிவாக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஏரிகள் வறண்டு கிடந்த அந்தக் கோடையில், சென்னை ஆற்றைத் தண்டவாளத்தில் வரவழைத்தது. அது மேட்டூரிலிருந்து குழாயில் வந்த காவிரித் தண்ணீர்.

காவிரி என்ற சொல் ஒக்கலிபுரத்தில் லேசாக உச்சரிக்கப்படுவதில்லை. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் மீது வன்முறை வெடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஊரை விட்டுத் தமிழ்நாட்டுக்கு ஓடினார்கள். 2016 செப்டம்பரில் மறுபடி பஸ்கள் எரிந்தன. இரண்டு முறையும், வன்முறைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட தமிழ் வீடுகளின் டிரம்களில் இருந்தது அதே ஆற்றின் தண்ணீர்தான். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு என்றே ஒதுக்கியது. நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகையில் இருக்கிறது என்று நடுவர் மன்றம் போட்ட கணக்கை நீதிமன்றம் ஏற்கவில்லை. தமிழ்நாட்டில் அது இழப்பாகப் படிக்கப்பட்டது. ஒக்கலிபுரத்துத் தமிழர் அதை எந்தப் பக்கமாக நின்று படிப்பது? சொந்த ஊர் வயலுக்குக் குறைந்தது, குடியிருக்கும் வீட்டு நல்லிக்குக் கூடியது. இந்தக் கேள்வியைத் தெருவில் யாரும் சத்தமாகக் கேட்டுக்கொள்வதில்லை.

சென்னை வண்டிகளின் தொட்டியில் நாள்தோறும் எல்லை கடக்கும் தண்ணீருக்கு மட்டும் டி.எம்.சி. கணக்கு கிடையாது. ஒரு டி.எம்.சி. என்பது 2,800 கோடி லிட்டருக்கும் மேல். வண்டிக்கு 36,000 லிட்டர் வீதம் கொண்டுபோனால் ஏழரை லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் வேண்டும். எந்த ஆணையமும் அதைத் தேடிப் போகாது. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து கன்டோன்மென்ட் வரை போடப்பட்ட அந்தப் பாதையில், பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் 1964 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. லால்பாக் 1992இல் சேர்ந்துகொண்டது. சுமார் 360 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். ஒரு நிரப்பலில் போய்ச் சேரும் தூரம் என்பதால் தொட்டி முழுவதும் தீர்வதும் இல்லை.

பெங்களூரில் ஏறிய தண்ணீரில் செலவானது போக மிச்சம் அடித்தொட்டியில் அசைந்தபடி சென்னைக்கு வருகிறது. பேசின் பிரிட்ஜ் யார்டில் ஹோஸைச் செருகி வால்வைத் திறக்கிறார்கள். சென்னைத் தண்ணீர் அதன் மேல் ஏறி, வழிவு குழாயில் எட்டிப் பார்த்ததும் வால்வு மூடப்படுகிறது. வண்டி பெங்களூருக்குத் திரும்பக் கிளம்புகிறது.